மூன்று டிகிரியும் ஓர் உதறலும்: பக்கவாதத்தில் குளிர் சிகிச்சை

எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் சூட்டை மூன்று டிகிரி செல்சியஸ் இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மனித உடலில் ஒரு கிலோவை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 3.5 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். மொத்தம் 735 கிலோஜூல். ஒரு கிலோ பனிக்கட்டி உருகித் தண்ணீராகும்போது 334 கிலோஜூலை இழுத்துக்கொள்ளும். ஆக, கணக்குப்படி இரண்டே கால் கிலோ ஐஸ் போதும். தெருமுனை ஜூஸ் கடையில் ஒரு மதியத்துக்குள் தீர்ந்துபோகிற அளவு.

படுக்கையருகே இந்தக் கணக்கு பலிப்பதில்லை. பக்கவாதம் வந்தவர்களைக் குளிர்வித்தால் மூளை பிழைக்குமா என்று கண்டறிய ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து யூரோஹிப்-1 என்ற ஆய்வைத் தொடங்கின. 1,500 நோயாளிகளைச் சேர்ப்பது திட்டம். சேர்ந்தவர்கள் 98 பேர். ஆட்கள் மெதுவாகவே சேர்ந்தார்கள், பணமும் போதவில்லை என்று 2018-இல் அதை நிறுத்திவிட்டார்கள். குளிர்விக்கப்பட வேண்டிய 49 பேரில் 34 முதல் 35 டிகிரி என்ற இலக்கைத் தொட்டவர்கள் 15 பேர்.

மூன்றில் ஒருவர்கூட இல்லை. நல்ல இயந்திரங்களும் பழகிய கைகளும் இருந்த மருத்துவமனைகளில்தான் இப்படி நடந்தது. எந்த முறை மேல் என்று பார்ப்பதற்கு முன், குறுக்கே நின்றது எது என்று பார்த்துவிட வேண்டும்.

முதலில், ஏன் குளிர்விக்க வேண்டும்? பக்கவாதங்களில் பெரும்பாலானவை மூளைக்குப் போகும் தமனியில் ரத்தக்கட்டி அடைப்பதால் வருபவை. இங்கே பேசுவது பெரும்பாலும் அவற்றைப் பற்றித்தான். அடைப்பு விழுந்ததும், அந்தத் தமனியை மட்டுமே நம்பியிருந்த நடுப்பகுதி சில நிமிடங்களிலேயே செத்துவிடுகிறது. அதைச் சுற்றி, பக்கத்துக் குழாய்களிலிருந்து கசிந்து வரும் கொஞ்ச ரத்தத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு வளையம் உண்டு. வேலை செய்யாது, ஆனால் சாகவுமில்லை. ரத்த ஓட்டம் திரும்பினால் பிழைக்கும், திரும்பாவிட்டால் அதுவும் போகும். பெரிய தமனி அடைபட்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் கணக்கிட்டார். பக்கவாத சிகிச்சையின் அவசரம் முழுவதும் அந்த வளையத்துக்காகத்தான்.

உடல் சூடு ஒரு டிகிரி குறைந்தால் மூளையின் ஆக்சிஜன் தேவை ஆறேழு சதவீதம் குறைகிறது. வரவு குறைந்துவிட்ட வீட்டில் செலவைக் குறைப்பது போன்ற ஏற்பாடு இது. அதோடு, தவிக்கும் அணுக்கள் கொட்டும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அக்கம்பக்கத்து அணுக்களையும் கொல்லும். குளிரில் அது குறைவாகவே வெளியேறுகிறது. வீக்கம், அழற்சி, ரத்தக்குழாய்ச் சுவரின் கசிவு எல்லாமே மட்டுப்படுகின்றன. மருந்துகள் பொதுவாக இந்தத் தொடரில் ஒரு கண்ணியைத்தான் பிடிக்கும். குளிர் பல கண்ணிகளை ஒன்றாகப் பிடிக்கிறது. அதனால்தான் இத்தனை தோல்விக்குப் பிறகும் ஆய்வாளர்களுக்கு இதை விட மனம் வரவில்லை.

விலங்குச் சோதனைகளைத் தொகுத்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், குளிர்வித்த விலங்குகளின் மூளையில் செத்த பகுதியின் அளவு சராசரியாக 44 சதவீதம் குறைவு. மனிதர்களிடமும் சூட்டுக்கும் சேதத்துக்கும் உறவு தெரிகிறது. 1996-இல் வெளியான கோபன்ஹேகன் ஆய்வில், மருத்துவமனைக்கு வரும்போதே உடல் சூடு ஒரு டிகிரி கூடுதலாக இருந்தவர்களுக்கு மோசமான முடிவுக்கான ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் சூடு சேதத்தைக் கூட்டியதா, பெரிய சேதமே சூட்டைக் கிளப்பியதா என்பதை அப்படிப்பட்ட கணக்கெடுப்பால் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த நம்பிக்கைக்கு 2002-இல் பெரிய ஊக்கம் கிடைத்தது. இதயம் நின்று, மீட்கப்பட்டு, நினைவு திரும்பாமல் கிடந்தவர்களை 32 முதல் 34 டிகிரியில் ஒரு நாள் வைத்தபோது, மூளை நன்றாகத் தேறியவர்கள் 55 சதவீதம். குளிர்விக்கப்படாதவர்களில் 39 சதவீதம். ஐரோப்பாவில் 275 பேரிடம் நடந்த ஆய்வு அது. அதே ஆண்டு மெல்போர்னில் 77 பேரிடம் வெறும் ஐஸ் பொட்டலங்களை வைத்துச் செய்த ஆய்வும் அதே திசையில் முடிந்தது. பிறகு 2013-லும் 2021-லும் வந்த மிகப் பெரிய ஆய்வுகளில் அந்தப் பலன் காணாமல் போனது. 2021 ஆய்வு 1,900 பேரிடம் நடந்தது. 33 டிகிரிக்கு இறக்கப்பட்டவர்களும், காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளப்பட்டவர்களும் ஒரே அளவில்தான் பிழைத்தார்கள். அது தனிக் கதை. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: இதயம் நின்றவர் மயக்கத்தில், வென்டிலேட்டரில் இருக்கிறார். மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும். பக்கவாதம் வந்தவர் பெரும்பாலும் விழித்திருக்கிறார். ஒரு பக்கம் கை கால் விழுந்திருக்கலாம், பேச்சு குழறலாம். ஆனால் குளிரை உணர்கிறார். உதறுகிறார்.

இந்த உதறலைத்தான் நான் இந்த விஷயத்தின் மையமாகப் பார்க்கிறேன். எந்தக் கருவி, எந்த நாடு, எத்தனை டாலர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் உடல் சூட்டை 37 டிகிரியை ஒட்டிப் பிடித்து வைக்கிறது. சூடு 36.5-க்கு இறங்கினால் தோலின் ரத்தக்குழாய்களை இறுக்கி மூடுகிறது. கை கால் சில்லிடும், உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாது. இன்னும் ஒரு டிகிரி இறங்கி 35.5-ஐ ஒட்டியதும் தசைகளை அதிரவிடுகிறது. சும்மா படுத்திருக்கும் உடல் மணிக்குச் சுமார் 300 கிலோஜூல் வெப்பத்தை உண்டாக்கும். உதறும் உடல் அதைப் பல மடங்காக்கும். இரண்டே கால் கிலோ ஐஸ் என்ற கணக்கு இங்கேதான் உடைகிறது. நாம் ஒரு பக்கம் வெப்பத்தை இறைத்துக்கொண்டே இருக்கிறோம், கிணறு ஊறிக்கொண்டே இருக்கிறது. அதைவிடக் கவலையானது, உதறல் ஆக்சிஜனைத் தின்கிறது, ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றுகிறது. மூளையின் செலவைக் குறைக்கத் தொடங்கிய வேலை உடலின் செலவை ஏற்றிவிடுகிறது.

எலிக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. முந்நூறு கிராம் உடம்பு, அதுவும் மயக்க மருந்தில். நினைத்த நிமிடத்தில் குளிர்விக்கலாம். 44 சதவீதம் என்ற எண்ணைப் படிக்கும்போது அந்த முந்நூறு கிராமையும் நினைவில் வைக்க வேண்டும்.

உதறலை அடக்க வழிகள் உண்டு. பெதிடின் என்ற வலி மருந்தும், பதற்றத்துக்குக் கொடுக்கும் பஸ்பிரோனும் சேர்ந்தால் உதறல் தொடங்கும் எல்லை 33.5 டிகிரி அளவுக்கு இறங்கும் என்று ஆரோக்கியமானவர்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டெக்ஸ்மெடடோமிடின், மெக்னீசியம் ஆகியவையும் உதவுகின்றன. ஆனால் பெதிடின் தூங்க வைக்கும், மூச்சைத் தணிக்கும், குமட்டலைத் தரும். பக்கவாதம் வந்தவருக்கோ விழுங்கும் திறனே பல நேரம் பாதிக்கப்பட்டிருக்கும். எச்சில்கூடப் புரையேறி நுரையீரலுக்குள் போகும். நல்ல நினைவில் இருந்தால் இருமி வெளியேற்றிவிடுவார். மருந்து மயக்கத்தில் இருப்பவர் இருமுவதில்லை. அடுத்து வருவது நிமோனியா. நரம்பியல் மருத்துவருக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. நோயாளி கையைத் தூக்குகிறாரா, பேச்சு தெளிகிறதா என்று மணிக்கொரு முறை பார்த்துத்தான் மூளையின் நிலையை அறிய முடியும். தூங்க வைத்துவிட்டால் அந்த ஜன்னல் மூடிக்கொள்கிறது.

இனி கருவிகளுக்கு வருவோம்.

நம் வீடுகளில் காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவோம். மருத்துவமனையின் மிகப் பழைய முறையும் அதன் நீட்சிதான்: ஈரத்துணி, மின்விசிறி, கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் பொட்டலங்கள். மின்சாரம் போனாலும் நடக்கும். செலவு அநேகமாக ஒன்றுமில்லை. ஆனால் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 34 வேண்டும் என்றால் 35-இலேயே நிற்கலாம், 32-க்கு வழுக்கவும் செய்யலாம். ஐஸ் நேராகப் பட்ட தோல் கருகும். ஒரு செவிலியர் முழு நேரமும் அந்த ஒரு படுக்கையோடு இருக்க வேண்டும். விழித்திருக்கும் நோயாளிக்கு இதைவிடக் கொடுமையான முறை வேறில்லை, ஏனென்றால் குளிரை முதலில் உணர்வது தோல்தான்.

நாலு டிகிரிக்குக் குளிரவைத்த சலைனை நரம்பு வழியாக வேகமாக ஏற்றுவது அடுத்தது. இரண்டு லிட்டர் ஏற்றினால் சுமார் ஒரு டிகிரி இறங்கும். வேறு கருவி வேண்டாம், ஃப்ரிட்ஜும் டிரிப் செட்டும் போதும். தொடங்கி வைக்க நல்ல முறை, தொடர முடியாத முறை. மணிக்கு மணி லிட்டர் கணக்கில் ஏற்றிக்கொண்டே இருந்தால் இதயம் தாங்காது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அமெரிக்காவில் சியாட்டில் பகுதியில் 1,359 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு இதற்குச் சாட்சி. இதயம் நின்று மீட்கப்பட்டவர்களுக்கு ஆம்புலன்ஸிலேயே குளிர்ந்த சலைன் ஏற்றிப் பார்த்தார்கள். உயிர் பிழைத்தவர் எண்ணிக்கை கூடவில்லை. வழியில் மறுபடி இதயம் நின்றவர்களும், நுரையீரலில் நீர் கோத்தவர்களும் கூடினார்கள். வயதானவர்களும் இதயநோய் உள்ளவர்களும் நிறைந்த பக்கவாத வார்டுக்கு இது சின்ன எச்சரிக்கை அல்ல.

தண்ணீர் ஓடும் மெத்தைகள், குளிர்காற்றை ஊதும் போர்வைகள், உடம்பில் ஒட்டிக்கொள்ளும் ஜெல் பட்டைகள் எல்லாம் இதன் நவீன வடிவம். ஆர்க்டிக் சன் போன்ற இயந்திரங்களில் நெஞ்சு, முதுகு, தொடைகள் மேல் பட்டைகளை ஒட்டிவிடுவார்கள். சிறுநீர்ப்பையிலோ உணவுக்குழாயிலோ வைத்த உணர்கருவி உடலின் உட்சூட்டைச் சொல்லும். அதைப் பார்த்து இயந்திரம் தானே நீரின் குளிரைக் கூட்டிக் குறைக்கும். ஊசி குத்த வேண்டியதில்லை, எந்த வார்டிலும் சில நிமிடங்களில் தொடங்கலாம், இலக்கை விட்டு அதிகம் விலகாது. பருமனான உடலில் மட்டும் தடுமாறும், கொழுப்பு நல்ல போர்வை. ஆனால் உதறல் என்ற பழைய எதிரி அப்படியே நிற்கிறது. தோலைக் குளிர்விக்கும் எந்த முறையும் உடலின் காவல்காரனைத் தட்டி எழுப்பிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறது. ஹெல்சிங்கியில் 36 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு இதை ஒப்புக்கொண்டு, 35 டிகிரியோடு நின்றது. வென்டிலேட்டர் இல்லாமல், கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பிறகு, 12 மணி நேரம் மட்டும். செய்ய முடிந்தது. அங்கேயும் நிமோனியா தலைகாட்டியது.

இரத்தக்குழாய்க்குள் வைக்கும் கதீட்டர் இந்தச் சிக்கலைத் தலைகீழாகப் பார்க்கிறது. தொடைச் சிரை வழியாக ஒரு குழாயை வயிற்றின் பெருஞ்சிரைவரை செலுத்துகிறார்கள். குழாயின் உறைக்குள் குளிர்ந்த சலைன் சுற்றிச் சுற்றி ஓடும், ரத்தத்தில் கலக்காது. அதை உரசிப் போகும் ரத்தம் குளிர்ந்து உடல் முழுக்கப் பரவும். வேகமும் துல்லியமும் இதில்தான் அதிகம். ஆனால் இதன் உண்மையான மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்: உள்ளே குளிரவைத்துக்கொண்டே வெளியே கதகதப்பாகப் போர்த்திவிடலாம். உதறலாமா வேண்டாமா என்று மூளை முடிவெடுப்பதில் தோலின் சூட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு உண்டு. தோலை நாலு டிகிரி சூடாக வைத்தால் உதறல் எல்லை ஒரு டிகிரி கீழே போகும். குளிர் சிகிச்சை எடுத்துக்கொள்பவர் சூடான போர்வைக்குள் படுத்திருப்பதைப் பார்த்தால் உறவினர்கள் குழம்பிப்போவார்கள். அந்தப் போர்வை பெதிடின் அளவையே குறைக்கும்.

விலையும் உண்டு. கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டவரின் பெரிய சிரையில் குத்தினால் ரத்தம் நிற்கச் சிரமப்படும். குழாயைச் சுற்றியே புதுக் கட்டி உருவாகலாம், தொற்று ஏறலாம். கதீட்டர் வைக்கப் பழகிய மருத்துவர் நடு இரவிலும் வேண்டும். அமெரிக்காவில் கதீட்டர் குளிர்வித்தலையும் கரைக்கும் ஊசியையும் சேர்த்துச் சோதித்த இக்டஸ்-எல் ஆய்வில், குளிர்விக்கப்பட்ட 28 பேரில் 14 பேருக்கு நிமோனியா வந்தது. குளிர்விக்கப்படாத 30 பேரில் 3 பேருக்கு. பாதிப்பேர்! மிகச் சிறந்த கருவிதான். ஆனால் 33 டிகிரியில் ஒரு நாள் விழித்திருக்க வைப்பதற்குத் தேவைப்பட்ட மருந்துகள் கருவியின் நன்மையைத் தின்றுவிட்டன என்றுதான் நான் இந்த எண்களைப் படிக்கிறேன். அடுத்த கட்டமாக 1,600 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட ஆய்வு 120 பேரோடு நின்றது.

பிரச்சினை மூளையில்தானே, தலையை மட்டும் குளிர்வித்தால் என்ன? இயல்பாக எழும் கேள்வி. நாசா விண்வெளி உடைத் தொழில்நுட்பத்திலிருந்து செய்யப்பட்ட ஒரு ஹெல்மெட்டை எட்டுப் பேரிடம் சோதித்து, ஒரு மணி நேரத்தில் மூளை சராசரியாக 1.84 டிகிரி குளிர்ந்தது என்று 2004-இல் எழுதினார்கள். ஜெர்மனியில் வேறொரு குளிர்த் தொப்பியைப் பதினொரு பேரிடம் வைத்துப் பார்த்தபோது ஒரு மணி நேரத்தில் கால் டிகிரியைத் தாண்டிக் கொஞ்சம்தான் இறங்கியது; ரத்த அழுத்தம் ஏறியது. இரண்டில் எதை நம்புவது? மண்டையோடு தடிமனான சுவர். அதற்குள் நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் சூடான ரத்தம் ஆறுபோல ஓடுகிறது. ஆற்றங்கரையில் ஐஸ் வைத்து ஆற்றைக் குளிர்விக்க முடியாது. மேற்பரப்பில் ஒரு விரல்கடை ஆழம் குளிரலாம். பக்கவாதம் பெரும்பாலும் அதற்கும் உள்ளேதான். மூக்கின் வழியே விரைவில் ஆவியாகும் திரவத்தைச் செலுத்தி மூளையின் அடிப்பகுதியைக் குளிர்விக்கும் கருவியும் இருக்கிறது. இதயம் நின்று மயக்கத்தில் இருப்பவருக்காகச் செய்யப்பட்டது அது. விழித்திருப்பவரின் மூக்கில் அதை ஒரு மணி நேரம் வைப்பது பற்றி எனக்கு நம்பிக்கை இல்லை.

தலைத் தொப்பி உண்மையில் பயன்பட்ட இடம் பச்சிளங்குழந்தைகளின் வார்டு. பிரசவத்தில் மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளை மூன்று நாள் குளிரில் வைப்பது மேற்கு நாடுகளில் 2005-க்குப் பிறகு வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. தலையை மட்டும் குளிர்வித்தும் செய்தார்கள், முழு உடலைக் குளிர்வித்தும் செய்தார்கள். குழந்தையின் மண்டையோடு மெல்லியது, உடல் சிறியது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிறந்த குழந்தை பெரியவர்களைப் போல உதறுவதில்லை. முதுகில் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு தேடுகிறது. அதனால் குளிர்விப்பது அங்கே எளிது. விலை உயர்ந்த இயந்திரம் இல்லாத ஊர்களுக்காக வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் துணையோடு ஒரு மெத்தை உருவானது. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதும் வெயிலில் உருகுவதும் நமக்குத் தெரியும். உருகிக்கொண்டிருக்கும்வரை அதன் சூடு ஏறாது. அதே தன்மையுள்ள பொருளை, வேண்டிய டிகிரியில் உருகுமாறு தேர்ந்தெடுத்து மெத்தைக்குள் அடைத்தார்கள். குழந்தையின் சூட்டை வாங்கி அது மெல்ல உருகும், மின்சாரம் வேண்டாம். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் மிக அழகான யோசனைகளில் இது ஒன்று.

ஆனால் 2021-இல் ஹெலிக்ஸ் ஆய்வின் முடிவு வந்தது. சென்னை உட்பட இந்தியாவிலும், இலங்கை, வங்கதேசத்திலும் 408 குழந்தைகளிடம், நல்ல தானியங்கி இயந்திரங்களை வைத்துச் செய்தது. குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் இறந்தார்கள், குளிர்விக்கப்படாதவர்களில் 31 சதவீதம். கருவி குற்றம் செய்யவில்லை, இலக்குச் சூட்டைச் சரியாகவே எட்டினார்கள். மூளைக்கு அடி எப்போது விழுந்தது, தாய்க்கு என்ன உணவு, என்ன தொற்று என்பதெல்லாம் இங்கே வேறாக இருக்கலாம் என்று விளக்கங்கள் வந்தன. பக்கவாதத்துக்கு இதை நேராகப் பொருத்த முடியாதுதான். ஆனாலும் வெளிநாட்டில் நிரூபணமான குளிர் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அந்த 42 என் நினைவுக்கு வருகிறது.

மறுபடி சூடேற்றுவதைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர மருத்துவர்கள் 1998-இல், மூளையின் பெரும்பகுதி வீங்கி உயிருக்குப் போராடிய 25 பேரை 33 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைத்தார்கள். எல்லோரும் வென்டிலேட்டரில் இருந்தவர்கள். அப்படிப்பட்ட வீக்கத்தில் ஐந்தில் நாலு பேர் இறப்பது அன்றைய நிலை. இங்கே 25-இல் 14 பேர் பிழைத்தார்கள். குளிர் இருக்கும்வரை மண்டைக்குள் அழுத்தம் அடங்கியிருந்தது. சூடேற்றத் தொடங்கியபோது திரும்ப ஏறியது, பலர் அந்தக் கட்டத்தில் இறந்தார்கள். குளிரில் அணுக்களுக்குள் போய் ஒளிந்த பொட்டாசியமும் சூடேறும்போது ரத்தத்துக்குத் திரும்பி இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். அதனால்தான் மணிக்குக் கால் டிகிரி அளவில், பொறுமையாக ஏற்ற வேண்டும். ஐஸ் பொட்டலத்தால் இதைச் செய்ய முடியாது. எடுத்துவிட்டால் உடல் தன் இஷ்டத்துக்கு ஏறிவிடும். இறங்கும் வேகத்தை வைத்தே கருவிகளை ஒப்பிடும் விளம்பரங்களைப் பார்க்கும்போது, ஏறும் வேகத்தைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை என்று கேட்கத் தோன்றும்.

அந்த வீக்கத்துக்குப் பிற்பாடு வேறு வழி உறுதியானது. மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து மூளைக்கு இடம்விடும் அறுவை சிகிச்சையால் பிழைப்பவர்கள் 29 சதவீதத்திலிருந்து 78 சதவீதமாகக் கூடினார்கள் என்று 2007-இல் மூன்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டியது. அதோடு குளிரையும் சேர்த்தால் இன்னும் நல்லதோ என்று ஜெர்மனியில் சோதித்தார்கள். 50 பேரோடு பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று, குளிர்ந்தவர்களுக்குத் தீங்குதான் கூடியது.

2015-க்குப் பிறகு ஆட்டமே மாறிவிட்டது. தொடை வழியாகக் கம்பி செலுத்தி மூளைத் தமனியில் இருக்கும் கட்டியையே இழுத்து எடுக்கும் த்ரோம்பெக்டமி அந்த ஆண்டு வெளியான ஐந்து ஆய்வுகளில் வென்றது. பழைய குளிர் ஆய்வுகள் பெரும்பாலும் அடைப்பு திறந்ததா என்று தெரியாத நோயாளிகளிடம் நடந்தவை. எலிகளிடம் அடைப்பைத் திறந்துவிட்டுக் குளிர்வித்தபோதுதான் பலன் அதிகம் தெரிந்தது. இப்போது அதே நிலை மனிதர்களுக்கும் கிடைத்திருக்கிறது. அதோடு, கட்டியை எடுக்கப் போன குழாய் ஏற்கெனவே மூளைத் தமனியின் வாசலில் நிற்கிறது. அதன் வழியே குளிர்ந்த சலைனை விட்டால்?

பெய்ஜிங்கின் ஷுவான்வு மருத்துவமனையில் இதைச் செய்து பார்த்தார்கள். 2016-இல் வெளியான முதல் தொகுதியில் 26 நோயாளிகள். நாலு டிகிரி சலைன் 350 மில்லி லிட்டர் அளவில், பெரும்பகுதி அடைப்பு திறந்த பிறகு, பாதிக்கப்பட்ட தமனிக்குள்ளேயே. தவிக்கும் பகுதி குறைந்தது இரண்டு டிகிரி குளிர்ந்ததாகக் கணித்தார்கள். உடலின் பொதுச் சூடு அரை டிகிரிகூட இறங்கவில்லை. தொடக்கத்தில் போட்ட கணக்கையே இங்கும் போட்டுப் பாருங்கள். அந்த 350 மில்லி லிட்டரை எழுபது கிலோ முழுவதற்கும் பங்கிட்டால் கால் டிகிரிகூடத் தேறாது. ஒரு கையளவு மூளைக்கு மட்டும் கொடுத்தால் இரண்டு டிகிரி. காவல்காரனுக்குச் செய்தியே போவதில்லை. உதறல் இல்லை, பெதிடின் இல்லை, அதனால் வரும் நிமோனியாவும் இல்லை.

ஒப்பிட்டவற்றில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது இதுதான். ஆனால் குளிர் பத்துப் பதினைந்து நிமிடம்தான் நீடிக்கிறது, குழாயை எடுத்ததும் போய்விடும். எலிகளுக்கு மணிக்கணக்கில் குளிர் கொடுத்துத்தான் பலன் கண்டார்கள். மூளைக்குள் எத்தனை டிகிரி என்பதும் நேரில் அளந்தது இல்லை, குழாய் வழியே வெளிவரும் திரவத்தை வைத்துக் கணக்கிட்டது. நோயாளிகளை இரு குழுக்களாக நேர்மையாகப் பிரித்துச் செய்த பெரிய ஆய்வுகள் கைகொடுத்தால்தான் இதை வார்டுக்குக் கொண்டுவரலாம். இன்றைக்குப் பக்கவாதத்தில் உடலைக் குளிர்விப்பதை வழக்கமான சிகிச்சையாக எந்தப் பெரிய வழிகாட்டுதலும் பரிந்துரைக்கவில்லை.

அப்படியானால் இன்று இரவு வார்டில் படுத்திருப்பவருக்கு என்ன? 33 வேண்டாம், 37-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம் என்ற எளிய இலக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில் புதுக் கருவி எதுவும் இல்லை. செவிலியர்கள் முதல் மூன்று நாள் நாலு மணிக்கொரு தடவை சூடு பார்த்தார்கள். 37.5 டிகிரி, அதாவது நம் தெர்மாமீட்டரில் 99.5, தொட்டதும் பாரசிட்டமால். சர்க்கரையைக் கவனித்தார்கள். வாய்வழி எதுவும் கொடுப்பதற்கு முன் விழுங்க முடிகிறதா என்று சோதித்தார்கள். மூன்று மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் 58 சதவீதத்திலிருந்து 42 ஆகக் குறைந்திருந்தார்கள். குளிர் இயந்திரங்களின் ஆய்வுகள் எதிலும் பக்கவாதத்துக்கு இப்படி ஓர் எண் வந்ததில்லை.

அதில் சூட்டின் பங்கு எவ்வளவு, விழுங்கும் சோதனையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. நெதர்லாந்தில் 1,400 பேருக்கு நாளுக்கு 6 கிராம் பாரசிட்டமால் கொடுத்த ஆய்வில் சூடு கால் டிகிரி இறங்கியது, முடிவு மாறவில்லை. மூளை ரத்தக்குழாய்ப் பாதிப்போடு ஐசியூவில் இருந்த 677 பேரை ஜெல் பட்டை இயந்திரத்தால் 37 டிகிரியிலேயே பிடித்து வைத்த ஆய்வு 2024-இல் வந்தது. காய்ச்சல் பாதியாகக் குறைந்தது, மூன்று மாதம் கழித்து நடக்கவும் உண்ணவும் முடிந்ததில் வித்தியாசம் இல்லை. இந்த இரண்டையும் ஆஸ்திரேலிய எண்ணின் பக்கத்தில் வைக்கும்போது, காய்ச்சலை அடக்குவதைவிடக் காய்ச்சல் வரும் வழியை அடைப்பதில்தான் பலன் இருந்ததோ என்று தோன்றுகிறது.

பக்கவாத நோயாளிக்குக் காய்ச்சல் வரும் பெரிய வழி, புரையேறிய எச்சிலும் தண்ணீரும்தான். கை கால் விழுந்த அப்பாவின் உதடு காய்ந்திருப்பதைப் பார்த்தால் ஒரு வாய் காபி, இரண்டு ஸ்பூன் இளநீர் கொடுக்க யாருக்கும் மனம் துடிக்கும். ஆம்புலன்ஸ் வருவதற்குள் சோடா கொடுத்துவிடுகிற வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. விழுங்கும் சோதனை முடியும்வரை கொடுக்காதீர்கள். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிடுங்கள், படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். உடம்பு சுட்டால் வீட்டு ஐஸைத் தேடாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். நாலு மணி நேரமாக யாரும் தெர்மாமீட்டர் வைக்கவில்லை என்றால் அதையும் கேளுங்கள்.